வெறுங்கையோடு வெளியே வந்தவள்

அன்புள்ள பாப்பா,

நேற்று மத்தியானம் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் பாதியில் அறுந்துபோனதே, டவர் சரியில்லை என்று நினைத்திருப்பாய். மறுபடி நீ கூப்பிட்டபோது நானும் ஆமாம், டவர்தான் என்று சொல்லிவைத்தேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. நடந்ததை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன், நீ சிரிப்பாய், விஷயம் விஷயமாகவே போய்ச் சேராது. அதனால் எழுதுகிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இருக்காது. எந்த ஊர் விமானத்தளம், எந்த வகை விமானம் என்பதும் இருக்காது. ஆனால் எல்லோரும் படிக்கிற மாதிரி பத்திரிகையில்தான் எழுதப்போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. திருத்தங்கல் பஸ்ஸில், அச்சகத்தில், ரேஷன் கடை வரிசையில், பெண்பிள்ளை பெற்ற யாராவது ஒருத்தி என் பக்கம் நகர்ந்து வந்து, "எப்படிக்கா அனுப்புனீக? பயமா இல்லையாக்கா?" என்று கேட்கிறாள். நின்ற இடத்தில் சொல்லக்கூடிய பதில் எதுவும் என்னிடம் இருந்ததில்லை. நேற்று மத்தியானம்தான் கிடைத்தது.

உன் அப்பா சாத்தூர் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவர் முதல் நாள் வெடிமருந்து இருக்கும் பக்கமே விடமாட்டார். காலியாக இருக்கும் ஓர் அறையில் உட்காரவைத்து, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். டீ வரும். பேச்சு சுவாரசியமாகப் போகும்போது, திடீரென்று "வெளிய!" என்று கத்துவார். எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறதோ அதன் வழியே எல்லோரும் ஓட வேண்டும். ஓடி வந்தவர்களின் கைகளைப் பார்ப்பார். "கையில என்னத்தா அது? தூக்குவாளியா? உள்ள போ. மறுபடி வா." கையில் ஒன்றுமே இல்லாமல் வந்தால்தான் ஓட்டம் கணக்கில் சேரும்.

அந்தப் பழக்கம் நம் வீட்டுக்குள் வந்தது நீ ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது. அந்த வாரம் வேறொரு கம்பெனியில் விபத்து. அங்கே ஓர் அம்மா முதலில் பத்திரமாக வெளியே வந்துவிட்டார். வந்தவர், சோறு கொண்டுபோன தூக்குவாளிக்காகத் திரும்ப உள்ளே போனார். அவர் பெயரை உன் அப்பா வீட்டில் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்குப் பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீ வீட்டுப்பாடம் எழுதும்போது, நான் குழம்பு கொதிக்கவைத்திருக்கும்போது, எப்போது என்றில்லாமல் "வெளிய!" என்பார். மூன்று பேரும் தெருவில் போய் நிற்போம். எனக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. இருபது வயதில் உன்னைப் பெற்றவள் நான். தெருவில் என்னைவிடப் பெரியவர்கள் பார்க்க, ஈரக் கையோடும் அவிழ்ந்த கொண்டையோடும் வாசலில் போய் நிற்க வெட்கமாக இருக்கும். அதைவிட மோசம், ஒவ்வொரு முறையும் என் கையில் ஒரு புத்தகம் இருக்கும். அடுப்படியில் நின்றுகொண்டே படிக்கிற பழக்கம். பக்கத்தில் விரல் வைத்தபடியே ஓடி வந்திருப்பேன். நீ கைகொட்டிச் சிரிப்பாய். "அம்மா அவுட்டு! அம்மா எப்பவும் அவுட்டு!"

உன் அத்தையைப் பெண் பார்க்க சாத்தூரிலிருந்து வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு கூடம் நிறைய ஆட்கள். கேசரி, பஜ்ஜி, காபி. மாப்பிள்ளை தலையைக் குனிந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அப்பா அன்றைக்குக் கத்தவில்லை, அவருக்கும் கொஞ்சம் விவஸ்தை உண்டு. நீதான் கத்தினாய். உன் சின்னத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம். நாம் மூன்று பேரும் பழக்கத்தில் ஓடிவிட்டோம். நம்மைப் பார்த்து அத்தை ஓடினாள், அவளைப் பார்த்து மாப்பிள்ளை ஓடினார், பின்னாலேயே மொத்தக் கூட்டமும். தெருவே கூடிவிட்டது. மூச்சு வாங்க நின்ற மாப்பிள்ளையிடம் நீ போய், "கையில டம்ளர் வச்சிருக்கீக. நீங்க அவுட்டு மாமா" என்றாய். கல்யாணம் நின்றுபோகும் என்று நான் நடுங்கினேன். அவரோ கையிலிருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு கீழ சிந்தலையே, அதுக்கு மார்க்கு கெடையாதா?" என்று கேட்டார். அத்தை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் நீ விமானப்படைக்கு, அதிலும் போர் விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது, நான் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அச்சகத்தில் காலண்டர் தாள்களில் பிழை பார்க்கிறவள் நான். வெளியே யாருக்கும் தெரியாமல் ஆயிரம் புத்தகங்களில் ஊர் சுற்றியவள், என் மகள் நிஜமாகவே கிளம்பினால் தாங்கமாட்டேன் என்று அன்றுதான் தெரிந்தது. அப்பா உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அதுல வெளிய வர வழி இருக்கா தாயி?"

நீ பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் படம் வரைந்து காட்டினாய். இந்தக் கைப்பிடியை இழுத்தால் மேலே மூடியிருப்பது பிய்ந்து போகும். பிறகு உட்கார்ந்திருக்கிற இருக்கையே ஆளோடு சேர்ந்து வெளியே பாயும். பாராசூட் விரியும்.

"இருக்கைய எது தள்ளுது?"

"அடியில மருந்து இருக்குப்பா. மொதல்ல வெடிச்சுக் கெளப்பும், அப்புறம் ராக்கெட் தூக்கும்."

அப்பா அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல வந்த பெருமிதத்தை எப்படிச் சொல்ல! "அட! அப்ப நம்ம சரக்குதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா? உள்ளுக்குள்ளயே வெளிய வர வழி வச்சிருக்கான். போகட்டும் விடு" என்றார்.

நீ கல்லூரியும் பயிற்சியும் முடித்து அதிகாரியான அன்று அணிவகுப்பு மைதானத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. விமானங்கள் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போனபோது சுற்றிலும் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். எங்கள் இருவருக்கும் கை எழவே இல்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா வியந்துபோய், உங்களுக்கு எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். நான் சொன்னேன். அவர் "பட்டாசு!" என்று சத்தமாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் தீபாவளிக்கு வாங்குகிற பெட்டியின் மேல் இருந்த ஊர்ப்பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. உன் தோளில் நாங்கள் பதவிப் பட்டை குத்தினோம். அப்பா குத்திய பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தது. நீ அதைச் சரிசெய்யாமல் அப்படியே நாள் முழுக்கத் திரிந்தாய். படைப்பிரிவில் சேர்ந்ததும் உன் தோழர்கள் உனக்கு வைத்த பட்டப்பெயர் 'சிவகாசி' என்று கேட்டு இந்தத் தெரு எப்படிச் சிரித்தது தெரியுமா!

அப்புறம் போன வருடத்துக் காலை. நான் அச்சகத்தில் இருந்தேன். போனில் உன் படைப்பிரிவின் தலைமை அதிகாரி. நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் பேசினார். உங்கள் மகள் உயிரோடு இருக்கிறார், விமானத்திலிருந்து வெளியேறிவிட்டார், முதுகில் அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "கூட எத்தனை பேர்?" எங்கேயோ வெடித்தது என்று காதில் விழுந்தால் நம் ஊர் கேட்கிற கேள்வி அது. அவருக்குப் புரியவில்லை. அது ஒருவர் மட்டும் போகிற விமானம், தரையிலும் யாருக்கும் எதுவும் இல்லை என்றார். சற்று நேரத்தில் அப்பா பைக்கில் வந்து இறங்கினார். அச்சக வாசலிலேயே, "வெளிய வந்துட்டாளா?" என்றார். வந்துவிட்டாள் என்றேன். காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, "ஒரு டீ சொல்லு" என்றார். அந்த டீயை அவரால் குடிக்க முடியவில்லை. ஆனாலும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விடுப்பில் உன்னை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, இந்த ஊர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை நாங்கள் செய்தோம். முதுகைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பட்டையோடு நீ காரிலிருந்து இறங்குகிறாய். திடுக்கென்று ஒரு முறை உடம்பு குலுங்கினால்கூட ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமா சாத்தூரிலிருந்து கொண்டுவந்த பெரிய சரத்தைத் தெரு நீளத்துக்கு விரித்து வைத்திருக்கிறார். வானத்திலிருந்து விழுந்து பிழைத்த பிள்ளையை வெடி போட்டு வரவேற்கலாமா என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை, பாப்பா. எனக்கும் தோன்றவில்லை. திரி பற்றியதும்தான் அப்பாவுக்கு உறைத்தது. "ஏலே, நிறுத்துங்கலே! மிதிங்கலே அத!" என்று ஓடினார். எங்கே நிற்கும்? தெரு முழுக்க வெடித்துத் தீர்த்தது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ காதைப் பொத்தவில்லை, கண்ணை மூடவில்லை. கார்க் கதவைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டாய். புகை அடங்கியதும், "நடுவுல நாலஞ்சு வெடிக்கலையேப்பா" என்றாய். அப்பாவுக்கு ரோஷம். "நமுத்த சரக்கு. எங்க கம்பெனி இல்ல, ஒங்க மாமா எங்கயோ வாங்கியாந்தது" என்றார். இவள் மறுபடி பறப்பாள் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துபோனது. டாக்டர்களுக்குத் தெரியப் பல மாதம் ஆனது, அவ்வளவுதான்.

ஆனால் உனக்கே அது தெரியாமல் போன நாட்களும் வந்தன. மாமா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மாதுளம்பழத்தை உரித்து உன் கையில் கொடுத்துக்கொண்டேதான் கேட்டார். "அம்புட்டு பெரிய விமானத்த, இன்னும் கொஞ்சம் புடிச்சுப் பாத்திருக்கலாமோ தாயி? காப்பாத்தியிருந்தா ஒம் பேரு எங்கயோ போயிருக்கும்ல?" நீ பழத்தை அப்படியே வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ பேசுவது குறைந்தது. விசாரணை முடிந்து, பறவை மோதி எஞ்சின் அணைந்த பிறகு அந்த உயரத்தில் செய்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை, நீ செய்ததுதான் சரி என்று விமானப்படையே சொன்ன பிறகும், சுவரைப் பார்த்துப் படுத்து நீ அந்த விமானத்தையே ஓட்டிக்கொண்டிருந்தாய். உன் கைகள் போர்வைக்குள் அசைவதை நான் பார்த்தேன். ஒரு கை முன்னால் தள்ளும், ஒரு கை இழுக்கும். மறுபடி விமானம் ஓட்டலாமா கூடாதா என்று மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டியிருந்தது. நீயோ, அவர்கள் கூப்பிட்டாலும் போவேனா தெரியவில்லை என்றாய். வேண்டாம், இங்கேயே இரு என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா உன் கட்டிலருகே உட்கார்ந்து, என்னதான் நடந்தது, எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றார். நீ சொன்னாய். ஒரு கை வேகத்தைப் பிடித்திருக்கும். இன்னொரு கை விமானத்தைத் திருப்புகிற கம்பியைப் பிடித்திருக்கும். பறக்கிறவர்களுக்கு அந்த இரண்டையும் விடுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை, பலரும் ஒரு நொடி தாமதிப்பது அதனால்தான். "வெளிய போற கைப்பிடி தொடைக்கு நடுவுல இருக்கும்ப்பா. அத இழுக்க ரெண்டு கையும் வேணும். ரெண்டையும் விடணும்."

"நீ விட்டியா?"

"என்னயக் கேக்காமலே கை விட்ருச்சுப்பா."

அப்பா உன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பெறகென்ன? ஜெயிச்சுட்டு வந்து படுத்துக் கெடக்க" என்றார். உனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது கதவருகே நின்றிருந்த நான், வழக்கமாக வாயைத் திறக்காதவள், பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "நீ அன்னைக்கே வெளிய வந்துட்ட பாப்பா. வந்த பெறகு தெனமும் எதுக்கு உள்ள போயிட்டு வர்ற? தூக்குவாளி எடுக்கவா?"

நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். பிறகு கேட்டாய், "மாமா கேட்டாருல்லம்மா?"

"அவரு காப்பி டம்ளரோட ஓடி வந்த ஆளு. அவரு அவுட்டு."

அப்போதுதான் சிரித்தாய். முதுகு வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ சிரிக்க வைக்காதம்மா" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். மறுநாள் விடியலில் நீயே என்னை எழுப்பினாய். திருத்தங்கல் சாலையில் நாம் நடக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான். முதலில் எனக்குப் பின்னால் நடந்தாய், பிறகு பக்கத்தில், பிறகு நான்தான் உனக்குப் பின்னால். நடைக்கு வந்தவர்கள் நம் இருவரையும் அக்கா தங்கச்சியா என்று கேட்டபோது, "ஆமா, இவுக மூத்தவுக" என்று என்னைக் காட்டி எல்லோரிடமும் பொய் சொன்னாய். மருத்துவக் குழு சரி என்று சொன்ன அன்று, மதுரை விமான நிலையத்தில், அப்பா உன் முதுகை ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு, வலிக்கிறதா என்று உன் முகத்தைப் பார்த்தார். வலிக்கவில்லை.

இனி நீ என்னென்னவோ பார்ப்பாய். உன்னைப் பாராட்டுவார்கள். மாப்பிள்ளை என்று யாரையாவது நீயே கூட்டிக்கொண்டு வருவாய், வராமலும் இருப்பாய். பதவி வரும், ஒருவேளை கைதவறியும் போகும். எதையும் இறுக்கிப் பிடி, பிடிக்க வேண்டியதுதான், உன்னைப் போலப் பிடிக்க யாரால் முடியும். ஆனால் விட வேண்டிய நொடி வரும்போது உன் கைக்கு அது தெரியும் என்பதை நம்பு. விட்ட பிறகு திரும்பிப் போகாதே. இந்த ஊரில் வருடம் முழுக்க, விடிந்தால் பட்டாசு செய்து, கொளுத்தித் தீர்த்துவிட்டு மறுபடி செய்கிறோம். செய்த எதையும் திரும்பச் செய்யலாம். திரும்பச் செய்ய முடியாத ஒன்று இந்த வீட்டில் உண்டு. அதை மட்டும் வெளியே கொண்டு வந்துவிடு.

சரி, நேற்றுக்கு வருகிறேன். நீ மறுபடி முதல்முறையாகப் பறக்கப்போகிற நாள் என்று எனக்குத் தெரியும், அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். அப்பாவும் மத்தியானமே வந்துவிட்டார். இடி மின்னல் வரும் போலிருக்கிறது, மருந்துக்கு ஆகாது என்று கம்பெனியில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள் என்றார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சோறு போட்டேன். ரசம் அடுப்பில் இருந்தது. புத்தகத்தை விரித்து வைத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அம்மா, பறந்துட்டேன்மா! இப்பத்தான் எறங்குனேன். நல்லா..." என்றாய். நான் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். சோற்றில் வைத்த கையோடு எழுந்து, வீடு அதிர, தெரு அதிர, "வெளிய!" என்று கத்தினார்.

ஓடினோம் பாப்பா. எங்கள் சத்தத்தில் பக்கத்து வீடு ஓடி வந்தது, எதிர் வீடு ஓடி வந்தது. பாதிப் பின்னிய சடையோடு மாரியக்கா, கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர், எல்லோரும் நடுத்தெருவில். "என்னாச்சு? எங்கன வெடிச்சது?" என்று கேட்டார்கள். "பறந்துட்டா! எம் மக மறுபடி பறந்துட்டா!" என்று அப்பா இரண்டு கையையும் மேலே தூக்கினார். மாரியக்கா நெஞ்சில் கை வைத்து, "நல்ல சேதிக்கு எதுக்குண்ணே எங்களப் போட்டு ஓட விடுறீக!" என்று திட்டிவிட்டு, அடுத்த நிமிடம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தூக்கிய அப்பாவின் வலது கையில் குழம்புச் சோறு. "கையில சோறு. நீங்க அவுட்டு" என்றேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

போன் உள்ளே கட்டிலுக்கு அடியில் எங்கேயோ விழுந்து அணைந்து கிடந்தது. புத்தகம் கவிழ்ந்த இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. அடுப்பில் ரசம் பொங்கி வழிகிற சத்தம் தெரு வரை கேட்டது. என் கைகளில் ஒன்றுமே இல்லை. எப்படி அனுப்புனீக என்று கேட்கிறவர்களிடம் இனி இந்தக் கைகளைத்தான் காட்டப்போகிறேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் ஜெயித்திருக்கிறேன், பாப்பா. அதைப் போய் டவர் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா